கெய்னருக்கு எந்த வீடு

ஐம்பத்தேழு வயதுவரை கெய்னர் மிட்ஜ்லியிடம், "உனக்கு எப்படிப்பட்ட வீடு வேணும்?" என்று யாரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு மாடியறை. அதன்பின் நகராட்சி ஒதுக்கிய குடியிருப்பு. புருஷன் டான்காஸ்டர்க்காரி ஒருத்தியோடு போய்விட்ட பிறகு, பத்து வயது மகள் லியானைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தபோது, வாடகைக்குக் காலியாக இருந்த ஒரே இடம் சோவர்பி பிரிட்ஜில், ஹாலின்ஸ் பேங்க் சரிவில் இருந்த ஒரு கீழ்வீடு. கிடைத்ததில் இருந்துகொண்டாள். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்தச் சரிவில் வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். மேல்வீட்டுக்கு வாசல் மேல்தெருவில். கீழ்வீட்டுக்கு வாசல் கீழே, கருங்கல் பாவிய சந்தில். பஸ், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் மேல்தெருவில்தான். கெய்னர் மேலே போக வேண்டுமென்றால் வீட்டோரமாகப் போகும் பத்தொன்பது கல்படிகளை ஏற வேண்டும். மழை பெய்தால் பாசி வழுக்கும். அதைப் பற்றியும் அவள் யோசித்ததில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கினாள்.

அவளுக்கு வேலை பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைப்பது. காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம். பளீரென்ற மஞ்சள் கோட்டும், வட்டப் பலகை வைத்த நீளக் கம்பும். நடுவில் ரொட்டிக்கடை ஒன்றில் தட்டு கழுவினாள். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், எட்டே முக்கால் மணிக்கு, பார்சல் வண்டிக்காரன் ஒருவன் அடுத்த முகவரியைக் கைபேசியில் தேடிக்கொண்டே வந்து, அவளைப் பள்ளிக்கூடச் சுவரோடு வைத்து அழுத்தினான். கடைசிப் பிள்ளை நடைபாதையில் ஏறிவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தது மட்டும்தான் கெய்னருக்கு நினைவிருக்கிறது. ஏறிவிட்டிருந்தாள். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் கெய்னருடைய இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தவறு எங்களுடையதுதான் என்று வண்டிக்காரனின் காப்பீட்டு நிறுவனம் ஆறே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. இனி எல்லாம் சுலபம் என்று கெய்னர் நினைத்தாள். குழப்பம் ஆரம்பமானதே அதற்குப் பிறகுதான்.

முதலில் வந்தவள் மார்கோ. குட்டை முடி, பெரிய பை, அந்தப் பைக்குள் இன்னொரு பை. டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. கெய்னர் தேறுவதற்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் ஏற்பாடு செய்வது அவள் வேலை என்று சொன்னாள்.

"அப்போ உங்களுக்குச் சம்பளம் யாரு தர்றாங்க?" என்று கேட்டாள் கெய்னர்.

"காப்பீட்டுக்காரங்கதான் தர்றாங்க."

"சரி, அப்போ நீங்க அவங்க ஆளு."

"இல்ல இல்ல. நான் உங்க ஆளு."

"காசு அவங்க காசு, ஆளு நம்ம ஆளா?"

"ஆமா. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டுத்தான் என்னைப் போட்டிருக்காங்க."

கெய்னர் தலையாட்டினாள். புரியவில்லை. ஆனால் மார்கோ நல்லவளாகத் தெரிந்தாள். குளியலறைக்கு ஒரு நாற்காலி, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி, வீட்டுக்குள் ஓட்ட ஒரு சக்கர நாற்காலி என்று இரண்டு வாரத்தில் எல்லாம் வந்து இறங்கின. சக்கர நாற்காலி சமையலறைக் கதவுக்குள் நுழையவில்லை. மார்கோ அதை அளந்து, எழுதி, நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கெய்னர், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேணும்?"

"இதுதான் வீடு."

"இது இப்போ இருக்கிற வீடு. நான் கேக்கிறது, வருங்காலத்துக்கு."

கெய்னர் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஆறும், ஆற்றுக்கு அப்பால் பழைய ஆலைக் கட்டடமும், மேலே சாம்பல் வானமும் இருந்தன. "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு," என்றாள். மார்கோவின் தாளில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

செயற்கைக் கால் வந்தது. கூடவே அதற்குப் பயிற்சி கொடுக்க டோமெக் வந்தான். போலந்துக்காரன், முப்பத்தைந்து வயது, ஹாலிஃபாக்ஸிலேயே பத்து வருஷமாக இருப்பவன். கெய்னரை மேடம் என்று கூப்பிடுவான். அவள் வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவைத்தான். பிறகு ஒரு கம்பி. பிறகு கைத்தடி. ஒவ்வொரு வாரமும் ஒரு இலக்கு எழுதுவான்.

"மேடம், அடுத்த வாரம் ஆறு படி."

"ஆறா? விழுந்தா யாரு தூக்குறது?"

"நான் தூக்குவேன். ஆனா நீங்க விழ மாட்டீங்க. ஏறும்போது உங்க கால் முதல்ல, இறங்கும்போது என் கால் முதல்ல."

"உன் காலா?"

"நான்தானே பொருத்தி விட்டேன்!"

கெய்னர் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஆறு படி ஏறினாள். அடுத்த வாரம் ஒன்பது.

அவளுடைய வக்கீல் நுஸ்ரத் மாலிக். லியான் வயசுதான் இருக்கும், அதிகம் சிரிக்காத பெண். ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் தானே கூப்பிட்டு வாசித்துக் காட்டுவாள். ஒன்பது படி ஏறினேன் என்று கெய்னர் போனில் பெருமையாகச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் நுஸ்ரத். "நிஜமாவே சந்தோஷம். ஆனா ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். நம்ம தரப்புல வீட்டைப் பார்த்த நிபுணர், உங்களுக்கு மாடியும் படியும் இல்லாத வீடுதான் வேணும்னு எழுதியிருக்காங்க. எதிர்த்தரப்பு, கைப்பிடி போட்டா இந்த வீடே போதும்னு சொல்லப்போறாங்க. நீங்க எத்தனை படி ஏற முடியும்ங்கிறதுலதான் ரெண்டும் நிக்குது."

"அப்போ நான் ஏறணுமா, ஏறக்கூடாதா?"

"ஏறணும். கண்டிப்பா ஏறணும். தேறுறதுக்கு உங்களால ஆனதெல்லாம் செய்யணும். இல்லேன்னா அதையும் கேள்வி கேப்பாங்க."

"ஏறினா வீடு கிடையாது, ஏறலேன்னா திட்டு. சரியா?"

"அப்படி இல்ல கெய்னர்..." என்று ஆரம்பித்து நுஸ்ரத் ஐந்து நிமிஷம் விளக்கினாள். கடைசியில் அதேதான் என்று கெய்னருக்குப் பட்டது.

அந்த மாதத்திலேயே எதிர்த்தரப்பு நிபுணர் பிரைஸ் வந்தார். வேல்ஸ்காரர், நரைத்த தாடி, மிகவும் மரியாதையான மனிதர். காலணியைக் கழற்றட்டுமா என்று கேட்டார். கெய்னர் டீ போட்டுக் கொடுத்தாள். அவள் எழுந்து கெட்டில் வைத்ததையும், பாலை எடுக்கக் குனிந்ததையும் அவர் எழுதிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. போன மாதம் வந்த நம் தரப்பு நிபுணரும் இதே கதவைத்தான் அளந்தார், இதே படிகளைத்தான் எண்ணினார். எண்ணிக்கையும் மாறவில்லை. பத்தொன்பதுதான்.

"சராசரி நாள்ல உங்களால எவ்வளவு முடியும் திருமதி மிட்ஜ்லி?" என்று பிரைஸ் கேட்டார்.

கெய்னர் உண்மையைச் சொல்ல நினைத்தாள். எது உண்மை? திங்கட்கிழமை ஒன்பது படி ஏறினாள். செவ்வாய்க்கிழமை தொடை வீங்கி, செயற்கைக் காலின் உறைக்குள் நுழையாமல் நாள் முழுக்கச் சோபாவில் கிடந்தாள். சராசரி நாள் என்று ஒன்று வரவேயில்லையே.

"ஒரு நாள் முடியும், ஒரு நாள் முடியாதுங்க."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்களே. ஆளு வந்தா எப்பவும் கொஞ்சம் நல்லாத்தான் இருப்பேன்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

வசந்தகாலத்தில் மார்கோ ஒரு யோசனை சொன்னாள். எது ஒத்துவரும் என்று பேசிக்கொண்டிருப்பதைவிட, மாடியில்லாத வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து இருந்து பார்த்துவிடலாம். வழக்கு முடியுமுன்பே ஒரு பகுதித் தொகை வாங்க வழியிருந்தது. லியான் வேக்ஃபீல்டில் இருந்தாள், இரண்டு குழந்தைகள். தன் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷத்தில் ஒரு வீட்டை அவளே பார்த்து வைத்திருந்தாள். சமதரை. அகலக் கதவு. தரையோடு தரையான குளியலறை. வாசலிலேயே கார் நிறுத்தலாம்.

"இங்க வந்துடும்மா," என்றாள் லியான். "எனக்கும் நிம்மதி. ராத்திரியெல்லாம் நீ அந்தப் படியில கிடக்கிற மாதிரியே இருக்கு எனக்கு."

மகள் முகத்தைப் பார்த்ததும் கெய்னர் சரியென்றாள்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளை மிகவும் குழப்பியது. சக்கர நாற்காலி எல்லாக் கதவிலும் வழுக்கிக்கொண்டு போனது. சமையல் மேடை தாழ்வாக இருந்தது. பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்து தொலைக்காட்சி பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தத் தெருவில் ஒருவரும் நடந்து போகவில்லை. எல்லோரும் வாசலில் காரேறி, வாசலில் இறங்கினார்கள். கடைக்கு லியான் போய் வந்தாள். வீட்டு வேலைக்கு ஒரு பெண் வந்தாள். சக்கர நாற்காலி பக்கத்திலேயே நின்றது. செயற்கைக் காலை மாட்ட அரைமணி ஆகும். எதற்காக மாட்டுவது? பத்து மணிக்கு மாட்டினவள் பன்னிரண்டுக்கு மாட்டினாள். அப்புறம் சில நாள் மாட்டவேயில்லை.

பதினோராவது வாரம் டோமெக் வந்து அவளை நடக்கவைத்துப் பார்த்தான். முன்பு பேசுவதுபோலப் பேசவில்லை.

"மேடம், நாலு மாசத்துக்கு முன்னாடி இருந்த இடத்துக்குப் போயிட்டீங்க."

"வீடு ரொம்ப வசதியா இருக்குப்பா."

"அதான் பிரச்சினையோ என்னவோ," என்றான் டோமெக். உடனே, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, எழுதும்போது வேற மாதிரி எழுதுவேன்," என்றான்.

வசதியான வீட்டுக்கு வந்து கால் போய்விட்டதா? வசதியில்லாத வீட்டில்தான் கால் வருமா? அப்படியானால் கைப்பிடி போட்டால் போதும் என்று பிரைஸ் சொல்வது சரியா? தனக்காகப் பேசும் நிபுணர் தவறு, எதிராகப் பேசுபவர் சரி என்றால், தான் யார் பக்கம்? கெய்னர் இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுதிக்கொள்வார்கள் என்று பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் வாடகை வீட்டுக் கொதிகலன் பழுதாகி வெந்நீர் நின்றுபோனது. சரிசெய்ய இரண்டு வாரம் என்றார்கள். லியான் வீட்டில் குளியலறை மாடியில். கெய்னர் ஹாலின்ஸ் பேங்க் வீட்டுக்கே திரும்பினாள். அந்த வீட்டு வாடகையை அவள் இன்னும் விடாமல் கட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே மேல்வீட்டு கிளிஃபர்ட் சந்துக்கு இறங்கி வந்தார். எழுபது வயது, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள்.

"பொழைச்சு வந்துட்டியா? நீ இல்லாம கீழே ஒரே அமைதி. தூக்கமே வரல எனக்கு."

"நான் என்ன, பறை அடிச்சுக்கிட்டா இருந்தேன்?"

"ரேடியோவைச் சொல்றேன். சரி, ஒரு விஷயம் கேளு. நான் பிரிட்லிங்டன் போறேன், தங்கச்சியோட. கடல் பார்த்துக்கிட்டே சாவோம்னு. வீட்டை வித்துடப்போறேன்."

"எப்போ?"

"யாராவது வாங்கினா. இந்தச் சரிவுல எவன் வாங்குவான்?"

கெய்னருக்கு வருத்தமாக இருந்தது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

அந்த இரண்டு வாரமும் அவள் நடந்தாள். நடக்காமல் முடியவில்லை. சக்கர நாற்காலி கதவுக்குள் நுழையாது. பால் தீர்ந்தால் மேல்தெருவுக்குப் போக வேண்டும். ஒரு வியாழக்கிழமை பையோடு பத்தொன்பது படியும் ஏறினாள். மேலே போய் நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது, வலியாலா சந்தோஷத்தாலா என்று தெரியவில்லை. அன்று மாலை உறையைக் கழற்றினபோது தொடையில் தோல் உரிந்திருந்தது. மூன்று நாள் செயற்கைக் காலை மாட்டவில்லை.

கொதிகலன் சரியான பிறகும் அவள் வேக்ஃபீல்டுக்குத் திரும்பிப் போகவில்லை. ஒன்றரை மாதம் கழித்து நுஸ்ரத் அவளை அலுவலகத்துக்கு வரச்சொன்னாள். மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள்.

திரையில் சாம்பல் வானம், கல்படிகள், பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். கையில் கனமான பை. பதினோராவது படியில் நின்று, பையைக் கை மாற்றி, சுவர்மேல் இருந்த பூனையிடம் ஏதோ சொல்லிவிட்டு, மீண்டும் ஏறினாள்.

"அட, இது யாரு! நல்லா ஏறுறாளே!" என்றாள் கெய்னர்.

நுஸ்ரத் சிரிக்கவில்லை. "எதிர்த்தரப்பு அனுப்பினது. தெருவுல கார் நிறுத்தி உள்ளேருந்து எடுத்திருக்காங்க."

"என்னையா? எதுக்கு?"

"நீங்க படி ஏறுவீங்கன்னு காட்ட."

"ஏறுவேன்தானே? ஏற மாட்டேன்னு நான் எப்போ சொன்னேன்?"

"நீங்க சொல்லல. வெளிப்படிகளை உங்களால பாதுகாப்பா பயன்படுத்த முடியாதுன்னு நம்ம அறிக்கையில இருக்கு."

"பாதுகாப்பாவா? பாதுகாப்பா எங்க ஏறினேன்? பால் இல்ல, ஏறினேன். அவ்வளவுதான்." கெய்னர் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "அதுக்கப்புறம் மூணு நாள் கிடந்தேனே, அதை எடுக்கலயா?"

"வீட்டுக்குள்ள எடுக்கக்கூடாது."

"எடுத்திருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

நுஸ்ரத் பேனாவை எடுத்து எழுதினாள். "இப்போ சொன்னதை இப்படியே சொல்லணும், சமரசக் கூட்டத்துல."

"எதை?"

"எல்லாத்தையும்."

வீடு திரும்பும் வழியில் கெய்னருக்கு அவமானமாக இருந்தது. திருடி மாதிரிப் படம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அவள் திருடினது என்ன? பாலுக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கினாள். மறுநாள் டோமெக்கிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி வேறாக இருந்தது.

"அந்தப் படம் எனக்குக் கிடைக்குமா மேடம்? ஏறும்போது இடுப்பு சமமா இருந்துச்சா?"

"சமமாத்தான் இருந்துச்சு. நானே யாரோன்னு நெனச்சேன்."

"பிரமாதம்!" என்று அவன் கைதட்டினான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சமரசக் கூட்டம் லீட்ஸில், செப்டம்பரில் நடந்தது. ஒரு தாழ்வாரம், அதன் இரண்டு கோடியிலும் இரண்டு அறைகள். ஒன்றில் கெய்னர், லியான், நுஸ்ரத், அவர்கள் அமர்த்தியிருந்த பாரிஸ்டர். இன்னொன்றில் காப்பீட்டுக்காரர்கள். கெய்னர் அவர்களைப் பார்க்கவேயில்லை. பாரிஸ்டர்தான் போய்ப் போய் வந்தார். உயரமானவர், அடிக்கடி கண்ணாடியைத் துடைப்பவர். இழந்த சம்பளத்துக்கு, செயற்கைக் காலுக்கு, சிகிச்சைக்கு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வீடு ஒன்றுதான் பாக்கி.

"அவங்க இன்னும் அதே இடத்துலதான் நிக்கிறாங்க," என்றார் பாரிஸ்டர். "அந்தப் படத்தையும், வேக்ஃபீல்டுல இருந்தப்போ நடை குறைஞ்சதுன்னு சிகிச்சைக் குறிப்புல இருக்கிறதையும் சேர்த்துக் காட்டுறாங்க. சமதரை வீடு உங்களுக்கு நல்லதில்லைன்னு நம்ம ஆள் குறிப்பே சொல்லுதாம்."

"டோமெக் அப்படியா எழுதினான்?" என்றாள் கெய்னர்.

"வேற மாதிரித்தான் எழுதியிருக்கார். ஆனா அர்த்தம் அதுதான்."

லியானுக்குக் கோபம் வந்தது. "எங்கம்மா தினம் அந்தப் படியில சாகணுமா? அதுதான் நல்லதா?"

நுஸ்ரத் கெய்னர் பக்கம் திரும்பினாள். "நாங்க பேசுறதை விடுங்க. நாளைக்கு நீதிபதி முன்னாடி நின்னா அவர் உங்களைத்தான் கேப்பார். உங்களுக்கு எது வேணும்?"

மறுபடியும் அதே கேள்வி. கெய்னர் மேசையில் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்தாள். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியல," என்றாள். "சத்தியமாத் தெரியல. அந்தப் படி வேணாம். அன்னைக்கு மேல போய் நின்னப்போ, ஒருநாள் இதுல விழுந்து போய்ச் சேருவேன்னு எனக்கே தெரிஞ்சுது. ஆனா வேக்ஃபீல்டுல... லியான், கோச்சுக்காதடி... அங்க நான் வீட்டுச் சாமான் மாதிரி இருந்தேன். துடைச்சு வெச்சிட்டுப் போனாங்க. எனக்கு வெளிய வந்தா நாலு பேரு எதிர்ல வரணும். கடை இருக்கணும். நானே போகணும். மேல கிளிஃபர்ட் பாரு, அவருக்கு என்ன, கதவைத் திறந்தா பஸ் ஸ்டாப். ஒரு படி கிடையாது. அதை வித்துட்டுக் கடலைப் பாக்கப் போறாராம்."

பாரிஸ்டர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். "யாரு கிளிஃபர்ட்?"

"எங்க மேல்வீடு."

"விக்கிறாரா?"

"யாரும் வாங்க மாட்டேங்கிறாங்களாம்."

"கெய்னர்," என்றாள் நுஸ்ரத் மெதுவாக, "இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"எப்படிப்பட்ட வீடுன்னுதானே எல்லாரும் கேட்டீங்க. கிளிஃபர்ட் வீடு எப்படிப்பட்டதுன்னு எனக்கு எப்படிச் சொல்லத் தெரியும்? அது கிளிஃபர்ட் வீடு."

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. மார்கோவுக்குப் போன் போனது. அவள் அங்கிருந்தே கிளிஃபர்டைக் கூப்பிட்டுக் கதவு அகலத்தை அளக்கச் சொன்னாள். பழைய மெக்கானிக், மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து சொன்னார். படுக்கையறை மாடியில்தான் இருந்தது. ஆனால் பின்னறையைப் படுக்கையறையாக்கலாம், பக்கத்திலேயே குளியலறை கட்டலாம். பாரிஸ்டர் நாலு தடவை தாழ்வாரத்தில் நடந்தார், கடைசியில் எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டது. வீட்டு விலை முழுதும் கையில் வராது, வீடு அவளுக்குப் பிறகும் நிற்குமே என்று ஏதோ கழிப்பார்கள் என்று நுஸ்ரத் விளக்கினாள். கெய்னருக்கு அது விளங்கவில்லை. மீதியை வேறு தொகையிலிருந்து ஈடுகட்டலாம், வீடு கிடைக்கும் என்பது மட்டும் விளங்கியது. நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது காரில், பிராட்ஃபோர்டு தாண்டியதும் லியான் கேட்டாள்.

"துடைச்சு வெச்சிட்டுப் போனேனா நான்?"

"உன்னைச் சொல்லலடி."

"வேற யாரும்மா வந்தா அங்க?"

கெய்னர் மகளின் முழங்காலில் கையை வைத்தாள். லியான் தட்டிவிடவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. இப்போதும் அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குழந்தைகளோடு வருகிறாள். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

கட்டட வேலை முடிய அடுத்த ஈஸ்டர் ஆகிவிட்டது. கெய்னர் பன்னிரண்டு அடி உயரம் மேலே குடிபோனாள். சாமான் ஏற்றின ஆட்கள் கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்கு லாரியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கிளிஃபர்ட் பிரிட்லிங்டனிலிருந்து கடற்பறவைப் படம் போட்ட அட்டை அனுப்பினார். கடல் நன்றாக இருக்கிறதாம், தங்கச்சிதான் பொறுக்க முடியவில்லையாம்.

கதவைத் திறந்தால் தெரு. பஸ்ஸில் போகிறவர்கள் கையசைத்தார்கள். கடைக்கு அவளே போனாள், சில நாள் கைத்தடியோடு, சில நாள் சக்கர நாற்காலியில். ஆனால் உட்காரும் அறை ஜன்னல் தெருவைப் பார்த்திருந்தது, ஆறு தெரியவில்லை. ரேடியோவை எங்கே வைப்பது என்று முதல் வாரம் முழுக்கத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கை இடதுபக்கம் விளக்கைத் தேடியது. விளக்கு வலப்பக்கம் இருந்தது. நல்ல வீடுதான், நான் கேட்டுத்தான் கிடைத்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டேனா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. ஏதோ வாயில் வந்தது, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

டோமெக் வாரம் ஒருமுறை வந்தான். முதல் தடவை வந்தபோது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே இலக்கை நீங்கதான் சொல்லணும் மேடம்," என்றான். "யாருக்கும் எழுத வேண்டியதில்ல."

"எதுவும் எழுத மாட்டியா?"

"உங்களுக்காக எழுதுவேன்."

அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அடுத்த வாரம் சொல்றேன்," என்றாள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள்.

ஜூன் மாதத்தில் கீழ்வீட்டுக்கு ஆள் வந்தார்கள். இளம் ஜோடி, இன்னும் பிரிக்காத பெட்டிகள், ஒரு மிதிவண்டி. நாலைந்து நாள் கழித்து அந்தப் பெண் படியேறி வந்து கதவைத் தட்டினாள். பெயர் மேகன் என்றாள். சொல்லத் தயங்கினாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. மேல ஏதாவது மரவேலை நடக்குதா? காலையில ஒரு தட்டு சத்தம். ஒண்ணு விட்டு ஒண்ணு."

கெய்னருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"வேலை ஒண்ணும் இல்ல கண்ணு. அது நான்தான். நடக்கிறேன்."

மேகன் கீழே பார்த்தாள். முகம் சிவந்துபோனது. "ஐயோ, மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது. சும்மாதான் கேட்டேன். தொந்தரவெல்லாம் இல்ல."

"தொந்தரவா இருந்தா சொல்லும்மா. கம்பளம் ஏதாவது போடுறேன்."

"வேணாம் வேணாம். நடங்க. நல்லா நடங்க." சொல்லிவிட்டு அவள் படியில் ஓடினாள்.

கெய்னர் கதவைச் சாத்தினாள். கம்பளம் போட்டால் கால் தடுக்கும் என்று டோமெக் சொல்லியிருந்தான். போடாவிட்டால் பாவம், காலையில் தூங்குகிற பிள்ளைகள். இதை யாரிடம் கேட்பது? மார்கோவைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தாள், வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கெட்டில் சமையலறையில், பத்தடி தூரத்தில் இருந்தது. முதல் இரண்டு அடியை மெதுவாக, சத்தம் வராதபடி வைத்துப் பார்த்தாள். முடியவில்லை, ஆட்டம் கண்டது. அதன்பிறகு எப்போதும்போல நடந்தாள்.